ஓடும் லைனில் மெதுவான சிக்னல் ஏற்றுவது: சரிவில் சரியான ஃபைபர் கோரைக் கண்டுபிடிக்க

மலைச்சாரல், கோத்தகிரி
திங்கள், இரவு 9:12

வணக்கம். கோத்தகிரி டவுனிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியாகக் கீழே ஒரு ஊர் வரைக்கும் 7 கிலோமீட்டர் ஓஎஃப்சி (ஆப்டிகல் ஃபைபர்) கேபிளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 24 கோர், அதாவது 24 கண்ணாடி இழை. பாதி தூரம் கம்பத்தில் போகிறது, மீதி சாலையோர மண்ணுக்குள். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மண் எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் இந்த மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேபிள் அறுந்தால் ஒட்டுவது எனக்குச் சிரமமில்லை. சிரமம் அறுபடாத கோர்களால்தான். ஒரு ட்யூபுக்குள் 12 நிறம் இருக்கும். இருட்டில், மூடுபனியில், தலைவிளக்கு வெளிச்சத்தில் சாம்பலும் வெள்ளையும் அக்வாவும் ஒன்றுபோலவே தெரியும். பழைய ஜாயின்ட்டுகளில் முன்பு வேலை செய்தவர்கள் நிறம் மாற்றி ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். போன மழையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கோரைச் செத்த கோர் என்று நினைத்து வெட்டிவிட்டேன். அந்த முனையில் ஒரு ஆஸ்பத்திரி. நாற்பது நிமிடம் அவர்களுக்கு நெட் இல்லை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னிடம் கவ்விப் பிடிக்கும் ஃபைபர் ஐடென்டிஃபையர் இருக்கிறது. கோரை வெட்டாமல் லேசாக வளைத்து, கசியும் ஒளியைப் பார்த்து, 270 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 2 கிலோஹெர்ட்ஸ் டோன் இருந்தால் சத்தம் எழுப்பும். அப்படியானால் டவுனில் ஒளியை அனுப்பி வாங்கும் டிரான்ஸீவரே டேட்டாவோடு சேர்த்து ஒரு டோனை அனுப்பினால் போதுமே என்று நினைத்தேன். ஒரு எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டை எடுத்து, எஸ்எஃப்பி மாட்யூலின் (ஸ்விட்ச்சில் செருகும் சின்ன டிரான்ஸீவர்) டிஎக்ஸ் டிஸேபிள் காலை, அதாவது லேசரை அணைக்கும் பின்னை, 1 கிலோஹெர்ட்ஸில் ஆட்டினேன். லிங்க் செத்துவிட்டது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஐடென்டிஃபையரும் டோனைக் காட்டவில்லை. ஏன்?

சாலிடர்கை, கோவை
திங்கள், இரவு 10:05

நண்பரே, அந்தக் காலுக்கு, தயாரிப்பாளர்கள் சேர்ந்து போட்ட எஸ்எஃப்பி ஒப்பந்தத்தில் நேரம் குறித்திருக்கிறார்கள். அணைக்கச் சொன்னால் 10 மைக்ரோநொடிக்குள் அணைய வேண்டும். திரும்ப எரிய 1 மில்லிநொடி வரை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் டோனின் ஒரு முழுச் சுற்றே 1 மில்லிநொடிதான். எரிய வேண்டிய பாதிக்கு அரை மில்லிநொடிதான் கிடைக்கிறது. லேசர் எழுந்திருப்பதற்குள் மறுபடி படுக்கச் சொல்கிறீர்கள்.

அது கிடக்கட்டும். உங்களுக்கு வேண்டியது ஒளியை அணைப்பது இல்லை, சில சதவீதம் மட்டும் ஏற்றி இறக்குவது. அதற்கு அந்தக் கால் உதவாது.

மலைச்சாரல்
செவ்வாய், காலை 7:30

புரிந்தது, நன்றி. இன்னொன்றும் செய்து பார்த்தேன். பழைய மீடியா கன்வெர்ட்டரில் (ஃபைபரையும் செம்புக் கம்பியையும் இணைக்கும் பெட்டி) ஒன்பது கால் மாட்யூல் இருக்கிறது, அதில் அனுப்பும் பக்கத்துக்குத் தனி சப்ளைக் கால். அந்த வோல்டேஜை மைக்ரோகன்ட்ரோலரால் லேசாக ஆட்டினேன். பவர் மீட்டரில் ஒரு அசைவும் இல்லை. இவ்வளவு மெதுவான சிக்னலை ஏற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? கிகாபிட் போகிற இடத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் போகாதா?

குறிஞ்சி12, குன்னூர்
செவ்வாய், இரவு 8:47

தம்பி, உங்கள் கடைசி வரிதான் இந்த விஷயத்தின் மையம். அதற்குப் பதில் சொல்லவே எழுதுகிறேன். ஒளி மாட்யூல்களுக்கு ஃபர்ம்வேர் எழுதும் வேலையில் பல வருடம் இருந்தேன், இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

வேகமானதை அனுப்பக் கட்டிய பெட்டி அது. மெதுவான எல்லாவற்றையும் அழிப்பதும் அந்தப் பெட்டியின் வேலைதான். இரண்டு முனையிலும் அப்படித்தான்.

முதலில் அனுப்பும் பக்கம். லேசர் வெப்பத்துக்கு ரொம்ப அசையும் பொருள். இன்டியம், காலியம், ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த சாதாரண டெலிகாம் லேசரில், ஒளி பிறக்கத் தேவையான ஆரம்ப மின்னோட்டம் 30 டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். அதனால் லேசருக்குப் பின்னால் ஒரு சின்ன போட்டோடயோடு உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் லேசருக்குப் போகும் அடிப்படை மின்னோட்டத்தை, அதாவது பயஸை, கூட்டும், கூடினால் குறைக்கும். இதை ஏபிசி (ஆட்டோமேட்டிக் பவர் கன்ட்ரோல்) லூப் என்போம். நீங்கள் சப்ளையை ஆட்டினீர்கள், லூப் அந்த ஆட்டத்தை ஈடுகட்டிவிட்டது. அது அதன் கடமையைச் சரியாகச் செய்ததால்தான் மீட்டர் அசையவில்லை.

இப்போது வாங்கும் பக்கம். போட்டோடயோடு, ஆம்ப்ளிஃபையர் தாண்டி டேட்டா வெளியே வரும் வழியில் கெப்பாசிட்டர்கள் உண்டு. எஸ்எஃப்பியில் அவை மாட்யூலுக்குள்ளேயே இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட், ஒரு கம்பிக்கு 50 ஓம் என்று போட்டால் வெட்டு எல்லை 32 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். இரண்டு பக்க ஓமையும் கூட்டினால் 16. எப்படிப் பார்த்தாலும் 1 கிலோஹெர்ட்ஸ் அந்தக் கதவைத் தாண்டாது. இது நமக்கு நல்லது என்பதையும் பாருங்கள். நீங்கள் ஏற்றும் டோன் டேட்டாவின் பாதையைக் கெடுக்காமல் இருக்க அந்தக் கெப்பாசிட்டர்தான் காவல்.

அப்படியென்றால் மெதுவான சிக்னல் எங்கே பிழைக்கும்? வாங்கும் போட்டோடயோடின் சராசரி மின்னோட்டத்தில். அதை ஒரு கரண்ட் மிரர் நகல் எடுத்து மைக்ரோகன்ட்ரோலரின் ஏடிசிக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) கொடுக்கிறது. மாட்யூல் காட்டும் ஆர்எக்ஸ் பவர் (வாங்கும் ஒளியின் அளவு) கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. அதைப் படிக்க, மாட்யூலோடு பேசும் ஐ2சி பஸ்ஸில் ஏ2 முகவரி, 104, 105 பைட்டுகள், ஒரு எண்ணுக்கு 0.1 மைக்ரோவாட். அந்தப் பாதையில் கெப்பாசிட்டர் கிடையாது.

மாட்யூல் தயாரிப்பவர்கள் இந்த வழியில்தான் மேனேஜ்மென்ட் சேனல் வைக்கிறார்கள். என்ஜி-பான்2 என்ற ஃபைபர் நெட்வொர்க் தரத்தில் ஏஎம்சிசி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. டேட்டாவின் மேலே சில சதவீத ஆழத்தில் ஒரு மெதுவான அலை. அனுப்பும் பக்கத்தில் மைக்ரோகன்ட்ரோலரின் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக்கும் பகுதி) அதைச் சேர்க்கும். எங்கே சேர்ப்பது என்பது அலையின் வேகத்தைப் பொறுத்தது. லூப்பின் வேகத்தைவிட டோன் மெதுவாக இருந்தால் லூப்பின் இலக்கையே ஆட்ட வேண்டும், லூப் நமக்காக உழைக்கும். டோன் லூப்பைவிட வேகம் என்றால் நேராக பயஸில் சேர்க்க வேண்டும், லூப் அதைப் பார்க்கவே பார்க்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஆழம் வெப்பத்தோடு அலைபாயும். அந்த நடுப்பகுதியில் நான் மாதக்கணக்கில் தவித்திருக்கிறேன்.

சாலிடர்கை
செவ்வாய், இரவு 9:30

அக்கா, 5 சதவீதம் ஆட்டினால் டேட்டாவுக்கு எவ்வளவு நஷ்டம்? கண் படம் (ஒன்றும் சுழியும் தெளிவாகப் பிரிகிறதா என்று காட்டும் ஸ்கோப் படம்) மூடிக்கொள்ளாதா?

குறிஞ்சி12
செவ்வாய், இரவு 10:18

பயஸையும் மாடுலேஷனையும் (டேட்டாவுக்கான வேகமான ஆட்டம்) சேர்த்து, முழு உறையையே 5 சதவீதம் ஆட்டினால் நஷ்டம் சுமார் 0.2 டெசிபெல். அவ்வளவுதான். தம்பியின் லைனில் கணக்கு போடுங்கள். 10 கிலோமீட்டருக்கான எல்எக்ஸ்10 கிகாபிட் மாட்யூல் குறைந்தது மைனஸ் 9 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அனுப்பும், மைனஸ் 19.5 வரை வாங்கும். கையில் 10.5 டெசிபெல். 7 கிலோமீட்டர் ஃபைபர் 1310 நானோமீட்டரில் இரண்டரை தின்னும், ஒட்டுகளும் கனெக்டர்களும் சேர்த்து இன்னும் ஒன்றரை. ஆறுக்கு மேல் மிச்சம். இதில் 0.2 ஒரு பொருட்டில்லை.

ஆனால் பயஸை மட்டும் ஆட்டினால் கதை வேறு. சராசரி 0.5 மில்லிவாட், எக்ஸ்டிங்ஷன் ரேஷியோ (ஒன்று பிட்டின் ஒளிக்கும் சுழி பிட்டின் ஒளிக்கும் உள்ள விகிதம்) 9 டெசிபெல் என்று வையுங்கள். ஒன்று 0.89 மில்லிவாட், சுழி 0.11. சராசரியில் 5 சதவீதம் என்பது 0.025. ஒன்றுக்கு அது ஒன்றுமே இல்லை. சுழிக்கோ அது இருபது சதவீதத்துக்கு மேல். சுழி கீழே இறங்கி லேசரின் ஆரம்ப எல்லையைத் தொட்டால் அடுத்த ஒன்று பிறக்கத் தாமதமாகும், ஜிட்டர் (பிட்டுகளின் நேரத் தடுமாற்றம்) ஏறும். சோம்பல்பட்டு பயஸில் மட்டும் சேர்க்கும் டிசைன்கள் குளிரிலும் வெயிலிலும் வெவ்வேறு விதமாகக் கெடுவது இதனால்தான்.

நேர்க்கோடு, சென்னை
புதன், காலை 10:40

எல்லாம் சரி, ஆனால் அவர் கையில் இருப்பது கடையில் வாங்கிய மாட்யூல். உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் பூட்டு தயாரித்தவரிடம். லூப் இலக்கை எப்படி ஆட்டுவார்? மாட்யூலைப் பிரித்து பயஸ் கம்பியைத் தேடச் சொல்வீர்களா? இந்த விவாதம் நடைமுறைக்கு உதவாத திசையில் போகிறது. ஓடிடிஆர் (ஒளித் துடிப்பு அனுப்பிப் பழுது எவ்வளவு தூரத்தில் என்று அளக்கும் கருவி) வைத்துத் தூரம் பார்க்கட்டும், ஜாயின்ட்டுகளில் ஒழுங்காக லேபிள் ஒட்டட்டும்.

மலைச்சாரல்
புதன், மதியம் 1:15

சார், லேபிள் ஒட்டுகிறேன். மழை அதை உரிக்கிறது. ஓடிடிஆர் தூரத்தைச் சொல்லும். ஆனால் 14 லைன் ஓடிக்கொண்டிருக்கும் ஜாயின்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது, கையில் இருக்கும் இந்த இழை யாருடையது என்று அது சொல்லாது. வெட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

குறிஞ்சி12
புதன், இரவு 8:20

நேர்க்கோடு சொல்வதில் ஒரு பாதி உண்மை. மாட்யூலைப் பிரிக்க வேண்டாம், நானும் அதைச் சொல்லவில்லை. மாட்யூலை நாமே செய்தால் வழி வேறு. ஆப்டிகல் மாட்யூலுக்கென்றே செய்த மைக்ரோகன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. சிலிக்கான் லேப்ஸின் இஎஃப்எம்8 லேசர் பீ 3 மில்லிமீட்டர் சதுரத்தில் 14 பிட் ஏடிசியும் நான்கு 12 பிட் டிஏசியும் வைத்திருக்கிறது. அனலாக் டிவைசஸும், 2021இல் அதனோடு சேர்ந்துவிட்ட மாக்ஸிமும் இதற்கென்று சில்லு போட்டிருக்கிறார்கள்.

நம்முடையது ஓடும் பழைய லைன். அதனால் அதே தத்துவத்தை வெளியிலிருந்து செய்வோம். தம்பி, உங்கள் லைன் இரண்டு கோர், இரண்டு திசையிலும் 1310தானே? அப்படியென்றால் 1550 காலியாக இருக்கிறது. டவுன் முனையில் ஒரு 1310/1550 ஃபில்டர் டபிள்யூடிஎம் (இரண்டு அலைநீளங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவுவது) வையுங்கள். பிக்டெய்ல் (ஃபைபர் வால்) வைத்த ஒரு சின்ன 1550 லேசரை அதன் வழியாக ஃபைபரில் ஏற்றுங்கள். அந்த லேசர் முழுக்க உங்கள் மைக்ரோகன்ட்ரோலருடையது. சராசரி மைனஸ் 10 டிபிஎம் போதும். ஆழம் 5 சதவீதம் என்ற கட்டுப்பாடும் இல்லை, 50 சதவீதம் ஆட்டுங்கள்.

இதில் இன்னொரு லாபம். அலைநீளம் கூடக்கூட வளைவில் ஒளி அதிகம் கசியும். உங்கள் ஐடென்டிஃபையர் வளைத்துத்தான் கேட்கிறது. 1310ஐவிட 1550 அதற்கு நன்றாகக் கேட்கும். வளைவைத் தாங்கும் ஜி.657 ஃபைபர் போட்ட இடங்களில் மட்டும் கசிவு குறையும். உங்களுடையது பழைய சாதாரண வகையான ஜி.652டி என்று நினைக்கிறேன்.

கீழ் முனையிலும் அதேபோல் ஒரு ஃபில்டர். அதிலிருந்து பிரியும் 1550ஐ ஒரு இன்காஸ் (இன்டியம் காலியம் ஆர்செனைடு) போட்டோடயோடுக்குக் கொடுங்கள். ஃபைபர், ஃபில்டர், ஒட்டு எல்லாம் போக மைனஸ் 13 டிபிஎம், அதாவது 50 மைக்ரோவாட் வந்து சேரும். ஏறத்தாழ 50 மைக்ரோஆம்பியர். 10 கிலோஓம் ரெசிஸ்டரில் அது அரை வோல்ட். ஆம்ப்ளிஃபையரே வேண்டாம், நேராக ஏடிசி. ரெசிஸ்டருக்குக் குறுக்கே 4.7 நானோஃபாரட் போட்டால் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அடங்கிவிடும்.

1550 கண்ணுக்குத் தெரியாது. எரியும் கனெக்டருக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பையன்களிடமும் சொல்லி வையுங்கள்.

மலைச்சாரல்
வெள்ளி, இரவு 11:02

ஃபில்டர், லேசர் ஆர்டர் போட்டுவிட்டேன். கீழ் முனையிலும் போட்டோடயோடு வைக்கப்போகிறேன் என்றால், டோனோடு சேர்த்து நாலு வார்த்தையும் அனுப்பலாமே? டவுன் பெட்டியின் பேட்டரி வோல்டேஜ், உள்ளே வெப்பம், கதவு திறந்திருக்கிறதா, இவ்வளவுதான். கரண்ட் போகும் நாட்களில் ஸ்விட்ச் அணைந்த பிறகும் இது ஓடினால் எனக்குப் பெரிய உதவி. எந்த அதிர்வெண் வைப்பது?

குறிஞ்சி12
சனி, காலை 6:55

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

1000 ஹெர்ட்ஸ் வைக்காதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 1000 அதன் இருபதாவது மடங்கு. தேயிலை ஃபேக்டரி பக்கத்தில் இருந்தால் மோட்டாரும் இன்வெர்ட்டரும் அந்த மடங்குகளில் எல்லாம் இரைச்சல் போடும். 1025 வையுங்கள், 1000க்கும் 1050க்கும் நட்டநடு. இன்னொன்று 1075. சுழி பிட்டுக்கு ஒரு டோன், ஒன்று பிட்டுக்கு மற்றது.

கேட்பதற்கு கோர்ட்ஸெல் முறை, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கணக்கிடுவது. 1958இல் ஜெரால்டு கோர்ட்ஸெல் எழுதியது, இன்றைக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. நொடிக்கு 8000 மாதிரி எடுங்கள், 320 மாதிரிக்கு ஒரு கணக்கு. கட்டம் ஒவ்வொன்றும் 25 ஹெர்ட்ஸ் அகலம். 1025 சரியாக 41வது கட்டம், 1075 43வது. 1000, 1050, 1100 மூன்றும் 40, 42, 44. ஒரு கட்டத்தைக் கேட்கும்போது மற்ற முழுக் கட்டங்கள் சரியாகச் சுழியாகிவிடும். 320 மாதிரி என்பது 40 மில்லிநொடி, கரண்டின் இரண்டு முழுச் சுற்று. ஃபேக்டரி எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதில் விழாது. கிரிட் 49.9க்கு இறங்கினால் இருபதாவது மடங்கு 998 ஆகும், அப்போதும் கணக்கு சுழியாகும் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

41வது கட்டத்துக்குப் பெருக்கு எண் 1.3862. மூன்று மாறிகள் போதும், மாதிரிகளைச் சேர்த்து வைக்கவும் வேண்டாம். நொடிக்கு 25 பிட். ஆறு பைட் செய்தி இரண்டரை நொடிக்குள் போய்விடும். ஜன்னல், அதாவது ஒரு பிட்டின் 320 மாதிரி, எங்கே தொடங்குகிறது என்று கீழ் முனைக்குத் தெரியாது, அதனால் 10 மில்லிநொடிக்கு ஒரு புதுக் கணக்கைத் தொடங்கி, வலுவாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் பக்கம் 40 புள்ளி சைன் அட்டவணை, டிஎம்ஏ (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தகவலை நகர்த்தும் பகுதி) மூலம் டிஏசிக்கு. நொடிக்கு 41,000 புள்ளி போனால் 1025, 43,000 போனால் 1075. மைக்ரோகன்ட்ரோலரின் கடிகாரத்துக்குக் கட்டாயம் கிரிஸ்டல் போடுங்கள். உள் ஆர்சி கடிகாரம் 1 சதவீதம் நகர்ந்தாலே டோன் 10 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும், மேலே சொன்ன அழகான கணக்கு அத்தனையும் வீண். தை மாதத்துத் தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாகிற குளிரில் அது நகராமல் இருக்காது.

ஜாயின்ட்டில் தேடும்போது மட்டும் வேறு நிலை. செய்தியை நிறுத்திவிட்டு 270 ஹெர்ட்ஸ் தொடர் டோன். 1000, 2000 இரண்டும் டியூப்லைட் மினுக்கும் 100 ஹெர்ட்ஸின் மடங்குகள். 270 அப்படி இல்லை. மினுக்கும் தலைவிளக்கு வெளிச்சம் ஐடென்டிஃபையரின் வாயில் புகாமல் ஒரு கறுப்புத் துணியும் போர்த்திக்கொள்ளுங்கள்.

முத்தொரைப்பக்கம், ஊட்டி
சனி, மாலை 5:26

இந்த விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன், எங்கள் பக்கமும் இதேபோல் ஒரு லைன் உண்டு. ஒரு கவலை. முத்தொரையில் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்கிறது. கோவிந்த் ஸ்வரூப் 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச் சரிவைத் தேடிப் பிடித்து, அந்தச் சாய்வையே பூமியின் அச்சுக்கு இணையாக்கி 1970இல் கட்டி முடித்தது. அதன் காதில் நம் பெட்டி சத்தம் போடக் கூடாது. ஃபைபர் கதிர்வீசாது, சரி. மைக்ரோகன்ட்ரோலர்?

சாலிடர்கை
சனி, இரவு 7:10

இந்த அக்கறைக்கு முதலில் நன்றி. கிரிஸ்டலின் மடங்குகளைப் பாருங்கள். 8 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 41வது மடங்கு 328, ரொம்பப் பக்கம். 25 போட்டால் 13வது மடங்கு 325, அதுவும் ஆகாது. 16 போட்டால் 320, அடுத்தது 336. தள்ளி விழுகிறது. கடிகார வேகத்தைப் பெருக்கும் பிஎல்எல்லை இயக்காமல் 16லேயே ஓட்டுங்கள், இந்த வேலைக்கு அந்த வேகம் தாராளம். இரும்புப் பெட்டி, சப்ளைக் கம்பியில் ஃபெரைட். ஸ்விட்சிங் சப்ளைக்குப் பதில் லீனியர். அப்புறம், வைப்பதற்கு முன் டெலஸ்கோப் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நேர்க்கோடு
ஞாயிறு, காலை 11:33

1550 யோசனை எனக்கும் சம்மதம், முன்பு அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒரு திருத்தம் மட்டும். நாளைக்கு யாராவது அந்தக் கோரில் ஒற்றை ஃபைபர் மாட்யூல் போட்டால் 1550 டேட்டாவுக்குப் போய்விடும். பராமரிப்புக்கென்று ஒதுக்கிய 1625, 1650 பகுதிக்கு மாறுவது பிற்காலத்துக்கு நல்லது. லேசர் விலை கூடும், ஆனால் வளைவில் இன்னும் நன்றாகக் கசியும்.

குறிஞ்சி12
ஞாயிறு, மதியம் 12:05

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். புதிதாகப் போடுபவர்கள் 1650க்கே போங்கள்.

மலைச்சாரல்
மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 10:48

இன்றைக்கு இரண்டாவது ஜாயின்ட்டைத் திறந்தேன். தூறல், பனி, எதிரே பத்தடி தெரியவில்லை. டவுனில் பையன் 270ஐப் போட்டான். ஒவ்வொரு இழையாகக் கவ்விப் பார்த்தேன். ஏழு இழை அமைதி. எட்டாவதில் சத்தம் வந்தது. நிறம் கறுப்பு. என் நோட்டில் அந்த லைன் ஊதா என்று எழுதியிருக்கிறது. நோட்டை நம்பியிருந்தால் மறுபடி ஆஸ்பத்திரியை வெட்டியிருப்பேன்.

லிங்க்கில் ஒரு பாக்கெட்டும் விழவில்லை. செய்தியும் கீழே வருகிறது: பேட்டரி 12.6 வோல்ட், பெட்டிக்குள் 14 டிகிரி. ஒரே ஒரு சிக்கல். இரவு குளிர்ந்ததும் வாங்கும் டோனின் அளவு பகலைவிடக் கூடிவிடுகிறது. கோர்ட்ஸெல்லின் எல்லை எண்ணை நான் பகலில் வைத்தேன்.

குறிஞ்சி12
வியாழன், இரவு 11:20

ரொம்ப சந்தோஷம், தம்பி.

அளவு கூடுவது லேசரின் குணம். குளிரில் அதே மின்னோட்டத்துக்கு ஒளி அதிகம், உங்கள் லேசருக்கு லூப் கிடையாது. பக்கத்தில் வெப்பத்தை அளக்க ஒரு தெர்மிஸ்டர் ஒட்டி, 5 டிகிரிக்கு ஒரு வரி வீதம் பயஸ் அட்டவணை போடுங்கள், மாட்யூல்களுக்குள்ளும் அதைத்தான் செய்கிறோம். கீழ் முனையில் நிலையான எல்லை எண்ணையே எடுத்துவிடுங்கள். 41ஐயும் 43ஐயும் ஒப்பிட்டு எது பெரிது என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும்.

மலைச்சாரல்
வெள்ளி, காலை 6:40

ஒப்பிடுவதாக மாற்றிவிட்டேன். விடிய விடிய ஓடியது, ஒரு பிட் தப்பவில்லை. தெர்மிஸ்டரை ஞாயிற்றுக்கிழமை ஒட்டுகிறேன். முதல் ஜாயின்ட்டையும் மூன்றாவதையும் திறந்து, டோன் வைத்து 24 கோரையும் சரிபார்த்து நோட்டைப் புதிதாக எழுதப் போகிறேன்.